வளர்தலும் விளைதலும்

மட்டக்களப்பு வாவி, வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை, ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலோரத்தை ஒட்டி நீண்டு கிடப்பது. அதன் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேல்கரையைப் படுவான்கரை என்றும் அந்நாட்டு மக்கள் வழங்குவர். ஞாயிறு எழுகின்ற கரை ஒன்று. அது படுகின்ற கரை மற்றொன்று. எழுவான்கரை மணற்பாங்கான நிலம். அங்கே தென்னை செழிக்கும், ஊர்கள் நெருங்கி நிற்கும். படுவான்கரையோ நெல்வயல் பரந்த நிலம். வாவிக்குக் குறுக்கே பாலங்கள் அமையாத காலத்தில், கீழ்க்கரை உழவர் பலர் துறைகளில் தோணி ஏறி மேல்கரை அடைந்து, வயலருகே வாடி அமைத்துத் தங்கி, விதைப்பு முதல் வெட்டு வரை நெல்லுடனேயே காலங் கழித்தனர். மண்முனைத் துறைக்குப் பாலம் வந்தது 2014ஆம் ஆண்டிலேதான்.

இவ்வாறு நெல்லோடு உடனிருந்து வாழ்ந்த மக்கள், அதன் வாழ்நாளைப் பல கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு வழங்கினர். வளர்தல், முதிர்தல், விளைதல், கனிதல் என்னும் தமிழ்ச் சொற்களின் வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு நூல்கள் ஒரு சான்று. இவ்வயல்வெளிகள் மற்றொரு சான்று. இவ்விரு சான்றுகளையும் ஒருங்கு வைத்துக் காண்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

முதலில் சொற்களின் வேறுபாட்டை நோக்குவோம். பிள்ளை வளர்கிறது, காய் முற்றுகிறது, பழம் கனிகிறது, நெல் விளைகிறது, அறிவு முதிர்கிறது. இச்சொற்களை இடம் மாற்றி வைத்தால் தமிழ் அறிந்த செவி ஏற்காது. வளர்தல் என்பது அளவில் மிகுதலைக் குறிக்கும். விளைதல் என்பது பயன் தரும் நிலையை எய்துதலைக் குறிக்கும். உப்பளத்தில் உப்பு விளைகிறது என்கிறோம். வளர்கிறது என்று எவரும் கூறார். முத்தும் அவ்வாறே. ஒரு செயலின் பயனை விளைவு என்று வழங்குவதும் இக்கருத்துப் பற்றியே. முதிர்தல், முற்றுதல், மூத்தல், முதுமை ஆகியவை ஓரினச் சொற்கள். காலம் ஒரு பொருளின் உள்ளே நின்று அதனை நிறைவாக்குவதை அவை சுட்டுவன. நம் இலக்கண ஆசிரியர்கள் பொருள் நிறைவு பெற்ற வினையை முற்று என்றும், நிறைவு பெறாது வேறு சொல்லை அவாவி நிற்பதை எச்சம் என்றும் பெயரிட்டனர். காய்க்கும் கதிருக்கும் உரிய சொல்லே வாக்கியத்தின் நிறைவுக்கும் உரியதாயிற்று.

தொல்காப்பியத்தின் மரபியல் இளமைப் பெயர்களைத் தொகுத்துக் கூறுகின்றது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என அவை ஒன்பது. எந்த உயிருக்கு எந்தப் பெயர் உரியது என்று வகுத்து வரும் ஆசிரியர், பிள்ளை, குழவி, கன்று, போத்து என்னும் பெயர்களை மரஞ்செடிகளுக்கும் வழங்கலாம் என்கின்றார். தென்னம்பிள்ளை, வாழைக்கன்று என்று நாம் இன்றும் கூறுவது அம்மரபே. ஆயினும் நெல்லும் புல்லும் அப்பெயர்களைப் பெறுவதில்லை என அவர் விலக்கும் அங்கேயே அமைகின்றது. இவ்விலக்கை வாவியின் இரு கரைகளிலும் இன்றும் காணலாம். எழுவான்கரையில் ஊன்றப்படுவது தென்னம்பிள்ளை. படுவான்கரையில் முளைப்பது பயிர். நெற்பிள்ளை என்றோ நெற்கன்று என்றோ எவரும் சொல்வதில்லை.

பிள்ளைப் பெயர் பெறாத நெல்லுக்குத் தமிழ் வேறொரு சிறப்பை அளித்தது. அதன் வாழ்நாட் சொற்களை வரிசையாக நோக்கினால் அது விளங்கும். இப்பகுதியில் நாற்று நடுதல் அருகிய வழக்கு. மாரியை நம்பி வயலிலே நேரே விதைப்பதே பெருவழக்கு. விதைத்த நெல் முளைத்துப் பயிராகின்றது. பயிர் வேர்கொண்ட பின்னர், அடியிலிருந்து பக்கத் தண்டுகள் புறப்படுகின்றன. இதனை மட்டம் வெடித்தல் என்பர். அதன்பின் தண்டின் உள்ளே இளங்கதிர் உருவாகி, மேலிலையின் உறை புடைத்துத் தோன்றும். அது குடலைப் பருவம். பயிர் சூல்கொண்டது என நூல்கள் கூறும் நிலையும் அதுவே. குடலை விரிந்து கதிர் வெளிவருதல் ஈனுதல் எனப்படும். ஈன்ற கதிர் பூத்துப் பால் பிடிக்கும். பால் இறுகி மணியாகும். மணி முற்றக் கதிர் தலை சாயும். பால் பிடியாமற் போனது பதர். அதனைச் சப்பி என்றும் கூறுவர். சூல், ஈனுதல், பால் என்னும் சொற்களை எண்ணிப் பாருங்கள். பிள்ளை என்று அழைக்கப்படாத பயிர் தாய்க்குரிய சொற்களால் அழைக்கப்படுகின்றது. உணவளிப்பதனை மகவாகக் கொள்ளாது தாயாகக் கொண்ட மனப்பாங்கு இச்சொற்களில் அமைந்து கிடக்கின்றது.

தென்னைக்கும் இத்தகைய வரிசை உண்டு. பாளை, குரும்பை, இளநீர், முட்டுக்காய், தேங்காய் என அது செல்லும். ஆயினும் தென்னை ஆண்டு முழுவதும் காய்க்கின்ற மரம். ஒரே மரத்தில் எல்லா நிலைகளையும் ஒருங்கே காணலாம். நெல்லோ ஒரு வெளி முழுவதும் ஒரே காலத்தில் ஒரே நிலையில் நிற்பது. ஆகவே நெல்லின் பருவப் பெயர் ஒரு குடும்பத்தின் சொல்லாக நில்லாமல், ஊர் முழுவதற்கும் பொதுவான நாட்காட்டியாக அமைந்தது.

அந்த நாட்காட்டிக்குச் சட்டத்தின் மதிப்பும் கிடைத்தது. 1855 முதல் 1860 வரை இலங்கையின் ஆள்பதியாக இருந்த சேர் ஹென்றி வார்ட் என்பார், கிழக்குப் பகுதியின் சிதைந்த குளங்களைத் திருத்துவதில் ஊக்கங் காட்டினார். இறக்காமம், அம்பாறைக் குளங்கள் அக்காலத்தில் திருத்தப் பெற்றவை. 1856ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நீர்ப்பாய்ச்சலிலும் நெற்செய்கையிலும் பண்டு தொட்டு நிலவிய வழக்கங்களுக்கு உயிர் கொடுப்பதை நோக்கமாகக் கொண்டது. நிலமுடையோர் கூடித் தத்தம் பகுதியின் வழக்கங்களை எடுத்துரைக்க, அவை விதிகளாயின. எந்நாளில் விதைப்பது, எந்நாளுக்குள் வேலி அடைப்பது, எப்போது நீர் திறப்பது என்பனவற்றைக் கூட்டத்தில் முடிவு செய்து ஒழுகும் முறை இன்றும் உள்ளது. ஒருவன் வயல் குடலையாகவும் அயலான் வயல் முளையாகவும் இருப்பின் நீரைப் பங்கிடுதல் இயலாது. வட்டவிதானையாரின் அதிகாரமும், போடியாரின் திட்டமும், முல்லைக்காரனின் உழைப்பும் பருவப் பெயர்களையே பற்றி நின்றன. தமிழரும் முஸ்லிம்களும் அயலயலே உழுகின்ற இந்நாட்டில், இரு சாராருக்கும் இச்சொற்கள் பொதுவுடைமையாம்.

இனி, இக்காலப் பயிரியல் இச்சொற்களைப் பற்றிக் கூறுவது யாது என நோக்குவோம். வெப்ப நாட்டு நெல்லின் வாழ்நாளை அறிஞர் மூன்று பகுதிகளாகப் பிரிப்பர். முளைத்தல் முதல் கதிர் கருக்கொள்ளும் வரை ஒரு பகுதி. கருக்கொள்ளுதல் முதல் பூக்கும் வரை ஒரு பகுதி. பூத்தல் முதல் முற்றும் வரை ஒரு பகுதி. இரண்டாவது பகுதிக்கு ஏறத்தாழ 35 நாளும், மூன்றாவதற்கு ஏறத்தாழ 30 நாளும் ஆகும். மூன்று மாத நெல்லாயினும் ஐந்து மாத நெல்லாயினும் இவ்விரு பகுதிகளும் பெரிதும் மாறுவதில்லை. மாறுவது முதற் பகுதி மட்டுமே. அதாவது, வளர்கின்ற காலத்தைக் குறுக்கலாம். விளைகின்ற காலத்தைக் குறுக்குதல் அரிது. வளர்தல் வேறு, விளைதல் வேறு என்று வயலில் நின்றவன் சொல்லால் வகுத்த எல்லையும், ஆய்வுகூடத்தில் நின்றவன் நாட்கணக்கால் வகுத்த எல்லையும் ஏறக்குறைய ஒன்றாயின.

இவ்வுண்மை இலங்கையின் நெல் வரலாற்றிலும் விளங்கக் காணலாம். பண்டை நெல் வகைகள் பல நெடுநாட் பயிர்கள். வடமேல் மாகாணத்துப் பத்தலகொடையில் நடைபெற்ற ஆராய்ச்சியின் பயனாக 1950களின் இறுதியில் எச் 4 என்னும் நெல் உழவர் கைக்கு வந்தது. அது நாலரை மாத நெல். பின்னர் வந்த பீஜீ வகைகளிலே மூன்று மாதத்தன 300 என்னும் எண் வரிசையிலும், மூன்றரை மாதத்தன 350 என்னும் வரிசையிலும், நான்கு மாதத்தன 400 என்னும் வரிசையிலும் எண் பெற்றன. நெல்லின் வயது அதன் பெயரிலேயே அமைந்துவிட்டது. உழவரும் இன்று மூன்று மாத நெல், மூன்றரை மாத நெல் என்றே பேசுகின்றனர். இவ்வாறு குறைந்த மாதங்கள் யாவும் வளர்ச்சிக் காலத்திலிருந்து குறைந்தவையே. பால் பிடித்த கதிர் இன்றும் தன் முப்பது நாளைக் கேட்டே நிற்கின்றது.

மணி முற்றியதை அறிவதற்கும் ஒரு முறை உண்டு. நெற்கதிர் நுனியிலிருந்து அடிநோக்கிப் பூக்கும், அவ்வொழுங்கிலேயே முற்றும். ஆதலின் நுனி மணியைக் கண்டு வெட்டப் புகுபவன் ஏமாறுவான். அடி மணியை நகத்தால் அழுத்திப் பார்ப்பவனே தேர்ந்தவன். மணிகளில் ஐந்தில் நான்கு பங்கு வைக்கோல் நிறம் கொண்டதும் வெட்டுதல் தக்கதென்பர். முந்தி வெட்டினால் மணி சுருங்கும். பிந்தி வெட்டினால் உதிரும். ஒரு போகத்தின் உழைப்பு முழுவதும் முற்றியது என்னும் ஒரு சொல்லைப் பிழையின்றிச் சொல்வதில் தங்கியிருக்கின்றது.

வெட்டிய பின்னரும் சொற்கள் தொடர்கின்றன. வெட்டிப் பரப்பிய தாள்கள் உப்பட்டி எனப் பெயர் பெறும். அவற்றை எடுத்துக் குவித்து வைப்பது சூடு. எருமைகளைச் சுற்றி வரச் செய்து மிதிப்பது சூடடித்தல். அது நடைபெறும் இடம் களவெட்டி. மிதிபட்டுக் குவிந்த நெல் பொலி எனப்படும். பொலிதல் என்றால் பெருகுதல், சிறத்தல். களத்தில் வழக்கமான பெயர்கள் சிலவற்றை விலக்கி, வேறு பெயர்களால் பொருள்களைக் குறிப்பது பழைய மரபு. சிங்கள உழவரிடத்தும் களத்துக்கென ஒரு தனிமொழி உண்டு. குறைவைச் சுட்டும் சொல் களத்தில் ஒலித்தலாகாது என்பது நம்பிக்கை. இரவு முழுவதும் எருமைகளை ஓட்டியவர்கள் பொலி என்னும் சொல்லையே பல்லவியாக்கிப் பாடினர். இத்தகைய பாடல்களையும் வழக்கங்களையும் வித்துவான் வி. சீ. கந்தையா அவர்கள் 1964ஆம் ஆண்டில் வெளிவந்த மட்டக்களப்புத் தமிழகம் என்னும் தம் நூலில் எடுத்துரைத்துள்ளார்.

இந்நாட்டு வழக்கில் மற்றுமொரு சொல் தனித்து நோக்கத் தக்கது. திருக்குறளில் விருந்தோம்பலைக் கூறுமிடத்தில் வருகின்ற வேளாண்மை என்னும் சொல்லுக்கு உபகாரம் என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். பிறர்க்கு உதவும் பண்பே அங்கு வேளாண்மை. பொது வழக்கில் அது உழவுத் தொழிலுக்குப் பெயராயிற்று. மட்டக்களப்பிலோ வயலில் நிற்கும் நெற்பயிரே வேளாண்மை. வேளாண்மை விளைந்துவிட்டது என்பர். அறுவடையை வேளாண்மை வெட்டு என்பர். பண்பைக் குறித்த சொல் தொழிலைக் குறித்து, இங்கே பயிரையும் குறித்து நிற்கின்றது. கண்ணால் காணவும் கையால் தொடவும் இயல்வதொன்றாக ஈகை வயலில் நிற்கின்றது என்று கூறலாமன்றோ?

வயலில் விளைந்தது மனைக்கு வரும்போது பக்குவம் என்னும் சொல் உடன் வருகின்றது. இது வடசொல். சமைத்தலுக்கும் கனிதலுக்கும் வடமொழியில் ஒரே வினையடி. சிங்களத்திலும் பழம் கனிவதற்கும் சோறு வேவதற்கும் இதெனவா என்னும் ஒரே வினை வழங்குகின்றது. தமிழில் சமையலும் பக்குவமாகும். பெண் பூப்பெய்துவதும் பக்குவமாகும். சைவ சித்தாந்தத்தில் ஆன்மாவும் பக்குவமாகும். மலபரிபாகம் என்று அச்சாத்திரம் கூறுவதன் சொற்பொருள் மலம் பழுத்து நீங்கும் நிலை என்பதே. பரிணாமம் என்னும் மற்றொரு வடசொல்லுக்கும் மாற்றம், முதிர்ச்சி என்னும் பொருள்கள் உள. பால் தயிராவதை அதற்கு எடுத்துக்காட்டாகத் தத்துவ நூலார் காட்டுவர். சட்டியில் உறைந்த எருமைத் தயிருக்குப் பெயர்பெற்ற மட்டக்களப்பில் இவ்வெடுத்துக்காட்டுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

இனி, புதிய கல்விக்குச் சொற்கள் தேவைப்பட்ட காலத்துக்கு வருவோம். 1892ஆம் ஆண்டில் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் தமிழ்ப் புலமையும் விஞ்ஞானப் பயிற்சியும் ஒருங்கே வாய்த்தவர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர். 1930களில் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க முயற்சிக்கு அவர் தலைமை தாங்கினார். விஞ்ஞானத்தைத் தமிழில் கூற இயலும் என்று நிலைநாட்டிய பணி அது. பின்னர் இலங்கைப் பாடசாலைகளில் தாய்மொழி வாயிலாக விஞ்ஞானம் கற்பிக்கப்பட்டபோது, அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது.

உயிரினங்கள் நெடுங்காலத்தில் மாறி வந்தன என்னும் கொள்கையை டார்வின் 1859ஆம் ஆண்டில் நூலாக்கினார். அக்கொள்கைக்கு ஐரோப்பியர் வழங்கும் பெயர், சுருளை விரித்தல் என்னும் இலத்தீன் சொல்வழி வந்தது. தமிழகத்தார் அதனைப் பரிணாமம் என்றனர். இலங்கைப் பாடநூல்கள் கூர்ப்பு என்றன. தொல்காப்பியத்தின் உரியியலில் இச்சொல் உண்டு. முன்னரே உள்ளதொன்று மிகுதலை அது உணர்த்தும் என்பது அங்குள்ள விளக்கம். அன்புகூர்தல், நினைவுகூர்தல் என்னும் வழக்குகளில் அச்சொல் இன்றும் உயிருடன் இருக்கின்றது. உயிர்களிடத்து முன்னரே உள்ள சிறு வேறுபாடுகள் தலைமுறை தோறும் மிகுந்து நிலைபெறுவதைக் குறிக்க இதனினும் பொருத்தமான சொல் அரிது. பழஞ்சொல் ஒன்று புதுப்பொருளுக்குத் தகுதியாக முதிர்ந்தமைக்கு இது சான்று.

நாட்டு முன்னேற்றத்தைக் குறிக்கும் சொல்லோ வேறு வழியில் வந்தது. 1949ஆம் ஆண்டில் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. இங்கினியாகலையில் ஆற்றை மறித்துக் கட்டிய அணையால் சேனநாயக்க சமுத்திரம் தோன்றிற்று. காடு வயலாயிற்று, புதிய குடியேற்றங்கள் எழுந்தன. 1956ஆம் ஆண்டில் அக்குடியேற்றப் பகுதியில் இனக்கலவரம் மூண்டு உயிர்கள் மாண்டன. 1961ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. அபிவிருத்தி என்னும் வடசொல்லின் நேர்ப்பொருள் மிகுதல், பெருகுதல் என்பது. எத்தனை ஏக்கர், எத்தனை குடும்பம், எத்தனை அடி நீர் என்று அது எண்ணிக்கை கூறும். மக்கள் ஒருவரோடொருவர் ஒத்து வாழும் முதிர்ச்சியை அச்சொல் கேட்பதில்லை. வயலில் வளர்ச்சியையும் விளைச்சலையும் பிரித்தறிந்த மொழி, நாட்டு நலனைப் பேசும்போது வளர்ச்சிக்குரிய சொல்லை மட்டும் கைக்கொண்டது ஒரு குறையே.

இன்று வயற்சொற்களின் நிலை யாது? அவை யாவும் அழிந்தன என்று கூறுதல் உண்மையாகாது. மட்டம் வெடித்தல், குடலைப் பருவம் என்பன விவசாயத் திணைக்களத்தின் துண்டுப் பிரசுரங்களிலும் ஏறிவிட்டன. காரணம் வெளிப்படை. எந்தப் பருவத்தில் எந்த உரம் என்பதனை அச்சொற்களால் அன்றி உழவனுக்குத் தெளிவாகச் சொல்ல இயலாது. வளர்ச்சிக் காலத்தில் உரம் இடுக என்றால் அவன் திகைப்பான். மட்டம் வெடிக்கையில் இடுக என்றால் வயலைப் பார்த்தே நாளறிவான். அச்சொற்களுக்கு வேலை இருந்தது. ஆகவே அவை வாழ்ந்தன.

களத்துச் சொற்களின் கதி அதுவன்று. எருமைகளின் இடத்தை முதலில் உழவு இயந்திரம் பெற்றது. பின்னர் வெட்டுவதையும் அடிப்பதையும் தூற்றுவதையும் ஒருங்கே செய்யும் இயந்திரம் வயலில் இறங்கிற்று. பல நாள் வேலை சில மணி நேரத்தில் முடிகின்றது. உடல் நோவு குறைந்தது, அது நன்மையே. ஆயினும் உப்பட்டிக்கு இடமில்லை, சூடு இல்லை, களவெட்டி புல் மூடிக் கிடக்கின்றது, பொலிப் பாடல் மேடைக் கலையாக எஞ்சியது. போர் நடைபெற்ற ஆண்டுகளில் படுவான்கரை வயல்கள் பல தரிசாகக் கிடந்தன. அக்காலத்தில் வளர்ந்த இளைஞர் பலர் இச்சொற்களைக் களத்திலே கேட்கும் வாய்ப்பை இழந்தனர்.

ஆதலின் செய்யத் தக்கது ஒன்றுண்டு. இப்பகுதிப் பாடசாலைகளின் மாணவர், தத்தம் ஊரின் முதிய உழவரிடம் சென்று, விதைப்பு முதல் பொலி வரையுள்ள சொற்களை வரிசையாகக் கேட்டு, ஊர்ப்பெயரோடு எழுதி வைத்தல் வேண்டும். அகராதிக்கு அது ஆக்கம். அதனினும் மேலாக, காலம் ஒரு பொருளுக்குள் எவ்வாறு வேலை செய்கின்றது என்பதனை நம் முன்னோர் எவ்வளவு நுணுகி நோக்கினர் என்பதற்கு அது பதிவு. கேட்கத் தக்க முதியோர் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் சொல்லும் வரிசையில் எந்தச் சொல்லையும் விரைந்து தாண்டாமல் எழுதுதல் நலம். வளர்ச்சியைக் குறுக்கலாம், பால் பிடித்த கதிருக்கோ அதற்குரிய முப்பது நாளைக் கொடுத்தேயாக வேண்டும் என்பதை அச்சொற்களே நமக்குக் கற்பிக்கின்றன.